மரியநாயகம் மரியநாயகம்தான்

நான் இலண்டனுக்குப் போனதில்லை. இதை அச்சில் சொல்லவேண்டிய நிலைக்கு வந்ததற்கு நானேதான் காரணம். என் வீட்டு ஹோலில் கோட்டும் கழுத்தில் ரையும் அணிந்த என் படமொன்று பல வருடங்கள் தொங்கியது. வந்தவர்கள் "லண்டனில எடுத்ததோ?" என்று கேட்பார்கள். நான் "அது ஒரு காலம்" என்பேன். பொய் சொல்லவில்லை, அது ஒரு காலம்தானே. கணக்காய்வு படிக்கப் போகலாமென்று ஆசை பிடித்து, பாஸ்போட்டுக்காக யாழ்ப்பாணம் பெரியகடைப் பக்கம் ஒரு ஸ்ரூடியோவில் எடுத்த படம் அது. விண்ணப்பமும் போகவில்லை, நானும் போகவில்லை, படம் மட்டும் சுவருக்குப் போனது. கோட்டு ஸ்ரூடியோக்காரருடையது. முதுகுப்பக்கம் எனக்குப் பெரிதாக இருந்ததால் உடுப்புக் காயப்போடும் கிளிப்புகளால் இழுத்துப் பிடித்திருந்தார். இடுப்புக்குக் கீழே நான் வேட்டியோடு நின்றேன். வாழ்க்கையில் நான் கடந்த மிக நீளமான கடல் நயினாதீவுக் கடல். அதிலும் பாதியில் வாந்தி.

மாமனார் அந்தப் படத்தை நம்பி ஊருக்கும் சொன்னார். நான் திருத்தவில்லை.

இதையெல்லாம் இப்போது கிளறவைத்தவர் தவராசா. எனக்குப் பிறகு கந்தோரில், அதாவது எங்கள் அரசாங்க அலுவலகத்தில், என் கதிரையில் இருப்பவர், நல்ல பிள்ளை. கந்தோர் நலன்புரிச் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தார். வந்தவர் கதையோடு கதையாக, "ஐயா, பாஸ்போட் விசயத்தில இனி எங்கட அத்தாட்சி செல்லாதாம். ஆக்கள் நேர கொழும்புக்குத்தான் போகவேணுமாம். உங்கட காலத்தில ஆளைப் பாராமல் கையெழுத்து வைச்சதாலதான் இந்த வில்லங்கம் எல்லாம் வந்தது எண்டு சொல்லுறாங்கள்" என்றார்.

தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னார். நான் அவருடைய கோப்பையைப் பிடுங்கவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

ஆளைப் பாராமல் கையெழுத்து வைத்தவர்கள் இருந்தார்கள்தான். ஆளைப் பார்த்தும், ஆளை அறிந்தும், கையெழுத்து வைக்க மறுத்தவர்கள் அதைவிட அதிகம். தவராசா கேட்ட கட்டுரை இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றியது.

எனக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்த கடிதமும், அரசாங்கம் இனிச் சிங்களத்தில்தான் பேசும் என்ற செய்தியும் ஒரே வருடத்தில் வந்தன. ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தாறு. கொழும்பிலே பயிற்சி. பயிற்சி என்றால் கடதாசிகளைக் கோவையாகக் கட்டும் நூலை எந்தப் பக்கத்தால் கோர்ப்பது, பெரியவர் வரும்போது எவ்வளவு வேகமாக எழும்புவது என்பவை. பிறகு சிங்களச் சோதனை எழுதச் சொன்னார்கள். எழுதாவிட்டால் சம்பள உயர்வு இல்லை. நான் எழுதவில்லை. எனக்குச் சிங்களம் வராமல் அல்ல. தேத்தண்ணிக் கடைக்காரரோடு சிங்களத்தில் பகிடி விடுமளவுக்கு வரும். கேட்ட விதம் பிடிக்கவில்லை. அன்று நின்ற உயர்வு நான் ஓய்வுபெறும்வரை நின்ற இடத்திலேயே நின்றது. அதே காரணத்தால் ஓய்வும் முன்னதாகவே எடுத்துக்கொண்டேன். தலைமயிர் பாதிதான் நரைத்திருக்க, பஸ்ஸில் யாரும் எழும்பி இடம்தராத ஓய்வூதியக்காரன் நான்.

ஊர் ஊராகச் சுற்றி, எழுபதுகளில் எங்கள் தீவுப்பகுதிக் கந்தோர் ஒன்றுக்குப் பிரதம இலிகிதராக வந்து சேர்ந்தேன். பிரதம இலிகிதரை, சீஃப் கிளாக் என்பதை ஆங்கிலத்தில் சுருக்கி, "சீ.சீ." என்று கூப்பிடுவார்கள். கூப்பிடும் தொனியைப் பொறுத்து அது பதவியாகவும் இருக்கும், அபிப்பிராயமாகவும் இருக்கும்.

எங்கள் பெரியவர் உதவி அரசாங்க அதிபர். என்னைவிட இளையவர், பட்டதாரி, கெட்டவர் இல்லை. ஆனால் கோவைகளில் பென்சிலால்தான் எழுதுவார். மற்றவர்கள் மையால் எழுதிவிட்டுப் பிறகு வருந்துவதைப் பார்த்துப் பழகியவர். பென்சிலை மிகக் கூர்மையாகச் சீவி, எழுத்து விழுந்ததும் விழாததுமாக ஒரு வரி எழுதுவார். மேலே, அரசாங்க அதிபரின் கந்தோரான கச்சேரியில், காற்று மாறினால் அழிறப்பரை எடுப்பார். அழிறப்பரின் தூளை ஊதிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். அதற்குப் பிறகு அந்த வரி எழுதப்பட்டதேயில்லை. பேச்சிலும் ஒரு ஒழுங்கு. என்னோடு "நீங்கள்" என்றுதான் தொடங்குவார். எரிச்சல் வரும்போது "நீர்" ஆகிவிடும். "நீர்" வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி, எதிரே கடலைப் பார்த்து மிச்சத்தைச் சொல்லுவார்.

அந்தக் காலத்தில் ஒரு ஆள் தான்தான் என்று எப்படி நிறுவினார் என்பதைத் தவராசாவின் தலைமுறைக்குச் சொல்லவேண்டும். பாஸ்போட் விண்ணப்பத்தோடு இரண்டு படம் கொண்டுவருவார். சமாதான நீதவான் ஒருவர் படத்தின் பின்பக்கம், இவர் இன்னார், எனக்கு நன்கு தெரிந்தவர் என்று எழுதிக் கையெழுத்து வைப்பார். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் ஒரு பக்கம். கிராமசேவகர், அதாவது ஊர் இன்னும் விதானையார் என்றே கூப்பிட்ட ஆள், இவர் இந்த வீட்டுக்காரர்தான் என்று எழுதுவார். நாங்கள் அதன்மேல் ஊதா மையில் முத்திரை குத்துவோம். ஆக, ஒரு மனிதனை மூன்று பேர் தாங்கிப் பிடித்தால்தான் அவன் அவன்.

இதில் ஓட்டை எங்கே என்றால், பாஸ்போட் கைக்கு வந்த பிறகு. எழுபதுகளின் கடைசியில் எங்கள் பெடியள் கப்பலேறியும் பிளேன் ஏறியும் போகத் தொடங்கினார்கள். எல்லாருக்கும் எல்லாக் கதவும் திறக்கவில்லை. கதவு திறக்கக்கூடிய ஒருவரின் பாஸ்போட்டில் இருக்கும் படத்தைக் கழற்றி, இன்னொருவரின் படத்தை ஒட்டுவார்கள். இதற்குத் "தலை மாத்திறது" என்று பெயர். பெயர் ஒருவருடையது, தலை இன்னொருவருடையது. போகிறவன் போய்விடுவான். பெயரைப் பறிகொடுத்தவன் எப்போதாவது ஒருநாள் அதே கதவைத் தட்டும்போதுதான், தான் ஏற்கெனவே உள்ளே போய்விட்டதாக அறிவான்.

மண்டைதீவு மரியநாயகம் அப்படித்தான் அறிந்தார்.

மரியநாயகம் கப்பலில் வேலை செய்தவர். தகப்பன் வழியாகத் தொழில் கடல், ஆனால் அவருக்குப் பெரிய கப்பலில் ஆசை. முதலில் எடுத்த பாஸ்போட்டைக் கொழும்பில் ஒரு ஏஜென்சிக்காரரிடம் கொடுத்திருக்கிறார். அவர் துலைந்துபோச்சு என்று கையை விரித்திருக்கிறார். மரியநாயகம் பொலிசில் முறைப்பாடு எழுதி, ஒழுங்காகப் புதியது எடுத்து, கப்பலேறினார். ஐரோப்பாவில் என் வாயில் நுழையாத பெயருடைய ஒரு துறைமுகத்தில் வயிற்றுக்குத்து வந்து ஆஸ்பத்திரியில் வெட்டினார்கள். கப்பல் காத்திருக்குமா, போய்விட்டது. சுகமாகி, ஊருக்கு அனுப்பச் சொல்லிக் குடிவரவுக் கந்தோருக்குப் போன மனிதனிடம் அங்குள்ளவர்கள், மரியநாயகம் என்பவர் முந்தியே இந்த நாட்டுக்குள் வந்து, இருக்கச் சொன்ன இடத்தில் இராமல் காணாமற் போய்விட்டார், அப்படியென்றால் நீ யார் என்று கேட்டிருக்கிறார்கள். பதில் அவருக்குத் தெரிந்த ஒன்றுதான். அதை அவர்கள் நம்பவில்லை. உள்ளே போட்டுவிட்டார்கள்.

அங்கிருந்த எங்கள் நாட்டு அலுவலர்கள் கொழும்புக்கு எழுத, கொழும்பு கச்சேரிக்கு எழுத, கச்சேரி எங்களுக்கு அனுப்பியது. கடிதம் சிங்களத்தில். அதை வாசிப்பதில்லை என்று நான் எனக்கே ஒரு சட்டம் போட்டிருந்ததால், பின்னால் இணைத்திருந்த ஆங்கிலத்தை வாசித்தேன். இரண்டு பாஸ்போட், ஒரே பெயர், ஒரே பிறந்த திகதி, வேறு வேறு முகம். முதலாவது படம் உள்ளே கிடக்கும் ஆளுடையது, இரண்டாவது முந்திப் போய்க் காணாமற் போனவனுடையது. இவர்களில் மரியநாயகம் யார், அல்லது இருவருமே இல்லையா? இருவருமே இல்லை என்பதற்கு அந்நாட்டுக்காரர் இரண்டு காரணம் சொல்லியிருந்தார்கள். ஒன்று, எங்கள் ஊர்ப் பொலிஸ் ஏற்கெனவே விசாரித்து அனுப்பிய அறிக்கை: படத்தைக் காட்டியபோது மரியநாயகத்தின் மனைவி, ஆளைத் தெரியாது என்று சொல்லிவிட்டார். இரண்டாவது, இரண்டு படத்திலும் இருப்பது ஒரே கோட்டு, ஒரே ரை, ஒரே திரை. ஆகவே இரண்டையும் ஒரே கள்ளக் கூட்டம் ஒரே இடத்தில் வைத்துச் செய்திருக்கிறது.

நான் படங்களைப் பார்த்தேன். கோட்டின் இடப்பக்க மடிப்பில், ஸ்திரிக்கைப் பெட்டி சுட்டு வெளிறிய முக்கோண அடையாளம். அந்த அடையாளத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு காலையும் தலை வாரும்போது என் ஹோல் சுவரில் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஐரோப்பாவின் புத்திசாலிகள் கண்டுபிடித்த சர்வதேசக் கள்ளக் கூட்டம் பெரியகடை ஸ்ரூடியோவின் ஆணியில் தொங்கிய ஒரு கோட்டு.

மண்டைதீவுக்குப் போனேன். மரியநாயகத்தின் மனைவி பிலோமினா முற்றத்தில் பாய் விரித்து மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார், கதிரை எடுத்துப் போடவில்லை.

"பொலிஸ் வந்து படம் காட்டினதோ, பிள்ளை?"

"காட்டினவை."

"என்ன சொன்னனீர்?"

"தெரியாது எண்டு சொன்னனான்."

"உம்மட மனுசனை உமக்குத் தெரியாதோ?"

"ஐயாவும் இந்தப் பக்கத்து ஆள்தானே. காக்கிச் சட்டைக்காரன் படத்தைக் கொண்டுவந்து 'உவரைத் தெரியுமோ' எண்டு கேட்டால் இஞ்ச ஆர் தெரியும் எண்டு சொல்லுறது? என்ர அப்பரைத் தேடிக் கஸ்டம்ஸ் வந்த நேரம் அம்மாவும் தெரியாது எண்டுதான் சொன்னவ. அப்பர் குசினிக்குள்ள இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்."

இதைவிட நேர்மையான சாட்சியத்தை நான் கேட்டதில்லை. எங்கள் தீவுகளில் யார் வீட்டிலும் அந்தப் படத்துக்கு அந்தப் பதில்தான் வந்திருக்கும். காக்கியோ கடதாசியோ வந்து ஆளைத் தேடினால், ஆளுக்கு ஆபத்து. ஆபத்து என்றால் ஆளைத் தெரியாது. என் வீட்டிலும் என் மனைவி அப்படித்தான் சொல்லியிருப்பாள், அதிலும் கொஞ்சம் சந்தோசத்தோடு.

நான் விசயத்தைச் சொன்னேன். பிலோமினா கையிலிருந்த மீனைப் பாயில் வைத்தார்.

"அப்ப நான் சொன்ன சொல்லாலயோ அவர் உள்ள கிடக்கிறார்?"

"அதாலயும்."

"இஞ்ச பொலிசுக்கு ஒளிச்சுச் சொன்னது அங்க எப்பிடிப் போச்சுது?"

"கடதாசியில போச்சுது."

காகம் ஒன்று பாயருகே வந்தது. அதை அவர் துரத்தவில்லை. பிறகு, "எனக்குத் தெரியும் எண்டு இப்ப எழுதுங்கோ. எங்க கையெழுத்து வைக்கிறது எண்டு காட்டுங்கோ" என்றார்.

"ஒருக்கால் தெரியாது எண்டு சொன்ன ஆளின்ர சொல்லை இனி அவங்கள் நம்பமாட்டாங்கள், பிள்ளை. சத்தியக்கடதாசி முடிப்பம். அதோட வேறயும் வேணும்."

உள்ளே போய்க் கலியாணப் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதில் பிலோமினா இருந்தார், மாலையோடு மரியநாயகம் இருந்தார், மரியநாயகத்தின் மேல் அதே கோட்டு இருந்தது.

மறுநாள் பெரியகடைக்குப் போனேன். ஸ்ரூடியோக்காரர் செல்லத்துரை அண்ணைக்கு என் கதையைச் சொல்லப் பாதி, அவர் சிரித்து முடியப் பாதி நேரம் போனது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அது என்ர கலியாணக் கோட்டடா தம்பி. நான் ஒருநாள்தான் போட்டனான். அது பாஸ்போட்டில ஏறி உலகமெல்லாம் சுத்துது. நான் பருத்தித்துறைக்கு அங்கால போகேல்லை. அதுக்குள்ள என்னைக் கள்ளன் எண்டுறாங்களோ?"

"உங்களையில்லை, அண்ணை. கோட்டை."

"கோட்டைச் சொன்னாலும் என்னைச் சொன்ன மாதிரித்தான்."

கோட்டு தன்னுடையது, படமெடுக்க வருகிற எவருக்கும் கொடுப்பது என்று சத்தியக்கடதாசி தருவதாக ஒப்புக்கொண்டார். பிறகு இரண்டாவது படத்தை, அதாவது மரியநாயகத்தின் பெயரில் போனவனின் படத்தை, வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது உவன் இறுப்பிட்டிப் பெடியனெல்லோ. அவன்ர தேப்பன்..."

"அண்ணை, எனக்கு அந்தக் காது கேட்காது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

ஒரு கோட்டு அப்பாவி என்று நிறுவ ஒரு படம் போதாது. ஊர் முழுவதும் அதைப் போட்டிருக்கிறது என்று காட்டவேண்டும். ஆகவே அரசாங்கத்தின் பிரதம இலிகிதர், சைக்கிளில் ஒரு பன்பையைக் கொழுவிக்கொண்டு, வீடு வீடாகப் போய்ச் சுவரில் தொங்கும் படங்களைக் கேட்டார். என் சேவைக்காலத்தில் மக்களோடு எனக்கு ஏற்பட்ட மிக நெருங்கிய தொடர்பு இதுதான். வேலணையில் ஒரு தாய் படத்தைத் தந்துவிட்டு, ஒழுங்கைவரை பின்னால் வந்தார்.

"ஐயா, தம்பிக்கு இப்ப ஒரு சம்பந்தம் பேசுறம். கோட்டு இரவல் எண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"சொல்லமாட்டன், அம்மா."

"பொம்பிளை வீட்டுக்காரர் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் ஓம் எண்டவை."

இன்னொரு வீட்டில் அண்ணன் தம்பி இருவரும் தனித்தனிச் சட்டத்தில், ஒரே கோட்டோடு, ஒருவரையொருவர் பார்க்காமல் தொங்கினார்கள். நான் சொல்லும்வரை அந்த வீட்டுக்காரர் எவரும் அதைக் கவனித்திருக்கவில்லை. ஒரு தகப்பன், "இவ்வளவு நாளும் நான் அதை இவன் கொழும்பில தைச்சது எண்டெல்லோ நினைச்சனான்" என்று சொல்லிவிட்டு மகனை உள்ளே கூப்பிட்டார். நான் நில்லாமல் வந்துவிட்டேன்.

பை நிறைந்தது. ஒரு படம் மட்டும் மிச்சம். என் மனைவி சொன்னாள், "எல்லாற்ற படத்தையும் இறக்கிப்போட்டு உங்கட லண்டன் மட்டும் ஏன் தொங்குது?" அதையும் கழற்றினேன். சுவரில் வெள்ளையாய் ஒரு சதுரம் விழுந்தது. மாமனார் வந்து அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தேத்தண்ணி குடிக்காமல் போனார்.

சத்தியக்கடதாசியைப் பிலோமினாவுக்கு வாசித்துக்காட்ட மறுபடி மண்டைதீவுக்குப் போன அன்று, அந்த முற்றத்தில் இன்னொரு பெண் நின்றார். இறுப்பிட்டியிலிருந்து வந்தவர், அந்த இரண்டாவது படத்துப் பெடியனின் தாய். செல்லத்துரை அண்ணைக்கு வாய் ஒரு நாளுக்குமேல் மூடிநிற்காது. அந்தப் பெண் என்னிடம் வரவில்லை, பிலோமினாவிடம் நேரே போயிருந்தார்.

"தங்கச்சி, உன்ர மனுசன்ர பேர் எண்டு அவனுக்குத் தெரியாது. ஏஜென்சிக்காரன் குடுத்தது. இஞ்ச நிக்க ஏலாமல்தான் போனவன். அவன்ர பேரை எழுதினால் பிடிச்சு இஞ்சதான் அனுப்புவாங்கள். இஞ்ச வந்தால் என்ன நடக்கும் எண்டு உனக்குத் தெரியுந்தானே."

பிலோமினா என் பக்கம் திரும்பினார். "என்ர மனுசன்ர பேரைக் கொண்டுபோனவனுக்குச் சொந்தமாய் ஒரு பேர் இருக்கெல்லோ, ஐயா? அதை ஏன் எழுதாமல் விடுறியள்?"

நியாயமான கேள்வி.

"அவங்கள் கேட்டது, இவர்களில மரியநாயகம் ஆர் எண்டு. மற்ற ஆள் ஆர் எண்டு என்னட்டைக் கேட்கேல்லை" என்றேன்.

"கேட்டால்?"

"கேட்டால் பார்ப்பம்."

"அவனைப் பிடிச்சு உள்ள போட்டால் இவர் வெளியில வருவாரோ?"

இந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு பக்கம் லேசாகியிருக்கும். எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை.

"இல்லை, பிள்ளை. இவர் இவர்தான் எண்டு காட்டினால் காணும். அவன் ஆரெண்டது வேற கோவை."

பிலோமினா அந்தப் பெண்ணை நீண்ட நேரம் பார்த்தார். இருவரில் யாரும் அழவில்லை.

"அப்ப விடுங்கோ" என்றார் என்னிடம். அந்தப் பெண்ணிடம், "நீங்கள் இனி இந்தப் பக்கம் வராதேங்கோ, அக்கா" என்றார். "அக்கா" என்று சொன்னதை நான் கவனித்தேன்.

எல்லாவற்றையும் கட்டிப் பெரியவரின் மேசையில் வைத்தேன். அவர் கோவையைத் திறந்து, பொலிஸ் அறிக்கையில் விரலை வைத்தார்.

"சீ.சீ., பொலிஸ் ஒண்டு சொல்லியிருக்கு. அதுக்கு மேல நாங்கள் ஏறி நிக்கிறது சரியில்லை. 'நிச்சயிக்க முடியவில்லை' எண்டு ஒரு வரி போதும். நீங்கள் வீணாய் அலைஞ்சு போனியள்."

"எனக்கு நிச்சயம், ஐயா."

"உங்களுக்கு நிச்சயமெண்டால் அது உங்கட நிச்சயம். கந்தோருக்கு நிச்சயமில்லை."

"அந்த வரி போனால் அந்த மனுசனை ஆரெண்டு வைச்சிருப்பாங்கள், ஐயா? பேரில்லாத ஆளை எந்த நாட்டுக்கு அனுப்புறது? அவன் அங்கயே கிடப்பான்."

"அது அவங்கட பிரச்சினை."

"அவன் மண்டைதீவான், ஐயா."

பென்சிலை எடுத்து எழுதினார். நிச்சயிக்க முடியவில்லை. வழக்கம்போல் எழுத்து விழுந்தும் விழாமலும். நான் கோவையை என் பக்கம் இழுத்து, அவருடைய வரிக்குக் கீழே என் பேனையால் எழுதினேன்: 'நான் நேரில் விசாரித்தேன். மனைவியும் அயலவரும் அறிந்த ஆள். முதலாவது படத்தில் இருப்பவர் மரியநாயகம். நிச்சயம்.' கையெழுத்து, பதவி, திகதி.

"நீர் என்ன செய்யிறீர்?" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். "உதை அழியும்."

"மை, ஐயா."

"வேற தாளில எழுதுவம்."

"கோவைத் தாளுக்கு இலக்கம் போட்டுத்தான் கட்டியிருக்கிறன். நீங்கள் படிப்பிச்சதுதான். பென்சில் வரியை நீங்கள் அழிக்கலாம். அழிச்சால் என்ர வரி மட்டும் நிக்கும். அழிக்காட்டில் இரண்டும் நிக்கும். பிறகு ஆரும் கேட்டால், விசாரிச்சவன் ஓம் எண்டிருக்க, விசாரியாதவர் ஏன் முடியவில்லை எண்டவர் எண்டு கேட்பாங்கள்."

இவ்வளவு நீளமாக நான் அவரோடு பேசியது அதுதான் முதல்தடவை.

அவர் வெகுநேரம் கடலைப் பார்த்தார். பிறகு திரும்பி, எதையாவது பார்க்கவேண்டுமே என்பதற்காகப் படக் கட்டை அவிழ்த்தார். வேலணைப் பெடியன், அண்ணன் தம்பி, நான், எல்லாரும் ஒரே கோட்டில் மேசை முழுவதும் பரந்தோம். ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். முக்கோண அடையாளத்தை விரலால் தொட்டார்.

"இதுக்குக் கை கொஞ்சம் கட்டை" என்றார் மெதுவாக.

பாஸ்போட் படத்தில் தோளும் தலையும்தான் தெரியும். கை தெரியாது. போட்டுப் பார்த்தவருக்கு மட்டுந்தான் அது கட்டையா நீட்டா என்று தெரியும். பெரியவர் அழிறப்பரை எடுத்துப் பென்சில் வரியை அழித்தார், தூளை ஊதினார். என் பேனையை வாங்கி, என் வரிக்குக் கீழே 'பார்த்தேன், அனுப்புக' என்று மையால் எழுதிக் கையெழுத்து வைத்தார். தன் அபிப்பிராயம் என்று ஒரு சொல்லும் அதில் இல்லை. அது போதுமாயிருந்தது.

பதில் வர மாதங்கள் போயின. மரியநாயகத்தை விட்டார்கள். இந்த இடத்தில், பெயரைப் பறிகொடுத்து அந்நிய நாட்டில் மாட்டிக்கொண்ட குடிமகனுக்கு அரசாங்கம் கொடுத்த ஆதரவையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நன்றிகெட்டவன் ஆவேன். நீ நீதான் என்பதை நீயே காட்டு என்றார்கள். காட்டினார். ஒருமுறை மட்டும் பயணம் செய்யலாம், அதுவும் ஊருக்கு மட்டும், என்று ஒரு கடதாசி கொடுத்தார்கள். அனுப்பிய செலவுக்கு மனைவி பிணை வைக்கவேண்டும் என்றார்கள். பிலோமினா வைத்தார். வந்திறங்கியதும், ஒரே பெயரில் இரண்டு பாஸ்போட் இருந்தது ஏன் என்று அவரிடமே விளக்கம் கேட்டார்கள். களவெடுத்தவனைத் தேடி ஒரு கடிதம் போனதாகவோ, ஏஜென்சிக்காரரின் கதவை ஒருவர் தட்டியதாகவோ நான் அறியேன். புதிய பாஸ்போட் கேட்டு எத்தனை தரம் எழுதினோம் என்று தவராசாவுக்குத் தெரியும். கோவை அவருடைய அலுமாரியில்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால் இன்னும் எழுதவேண்டும்.

எனக்கும் ஒரு கடிதம் வந்தது. இரண்டாவது படத்திலுள்ள நபர் யாரென்று ஏன் கண்டறிந்து அறிவிக்கவில்லை என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். பிலோமினாவின் 'கேட்டால்?' அப்போதுதான் வந்தது. நான் இரண்டு வரியில் தமிழில் பதில் எழுதினேன். 'கேட்கப்பட்டது மரியநாயகத்தைப் பற்றி. இரண்டாவது நபர் மரியநாயகம் அல்ல, அதற்குமேல் நான் எதுவும் சொல்வதற்கில்லை.' ஒழுக்காற்று நடவடிக்கையாக என் சம்பள உயர்வை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அது எப்போதோ நின்றுவிட்டது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இன்றைக்கு அதே கோவையை என் முன்னால் வைத்தாலும் அதே மையில் அதே வரியைத்தான் எழுதுவேன். ஆளைப் பாராமல் எழுதினார்கள் என்று சொல்கிறவர்களுக்கு, நான் பார்த்த ஆள்கள் எல்லாரையும் இங்கே எழுதிவிட்டேன். எழுதாமல் விட்ட ஒருவனையும் பார்த்துத்தான் விட்டேன்.

மரியநாயகம் வந்து சில கிழமைகளின் பின், மண்டைதீவுச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற பிலோமினாவைக் கண்டேன். சைக்கிளை நிற்பாட்டினேன். நன்றி சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. என் கடமையைத்தானே செய்தேன் என்று சொல்வதற்கு முகத்தைத் தயாராக்கினேன்.

"ஐயாவைக் காணவேணும் எண்டு இருந்தனான்" என்றார். "ஒண்டு கேட்கலாமோ?"

"கேளும், பிள்ளை."

"இவர் மரியநாயகம்தான் எண்டு நீங்கள் வடிவா விசாரிச்சுத்தானே எழுதினனீங்கள்?"

"ஓம். ஏன்?"

"வந்து நிக்கிற ஆள் வீட்டுக்க மீன் மணக்குது எண்டு மூக்கைப் பொத்துறார்."